அளவுப் புத்தகம்

காலையில் செய்தித்தாள் வந்ததும் அப்பா முதலில் தேடுவது அணைகளின் நீர்மட்டம் அச்சாகும் மூலையைத்தான். சோலையாறு 160 அடி, பரம்பிக்குளம் 72, ஆழியாறு 120, திருமூர்த்தி 60 என்று முழு உயரங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆகையால் அன்றைய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, யாரிடம் என்றில்லாமல், "இன்னும் பதினோரடி வேணும்" என்பார். ஆட்சி கவிழ்ந்ததா, எங்காவது போர் மூண்டதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அம்மா இதை ஒரு வியாதி என்றே வெகுகாலம் கருதியிருந்தாள். "மத்தவங்க வூட்ல ராசிபலன் பாப்பாங்க. இவரு அணைக்குப் பாக்கறாரு" என்று வந்தவர்களிடம் சொல்வாள்.

அப்பா 2023 பிப்ரவரியில், எண்பத்தைந்தாம் வயதில், பொள்ளாச்சி வீட்டில் காலமானார். இதை அவருடைய மக்களாகிய நாங்கள் மூவரும் சேர்ந்து எழுதுகிறோம். தட்டச்சு செய்வது கடைசியில் பிறந்தவன். தேதிகளைச் சரிபார்ப்பவன் மூத்தவன். எதை விட்டுவிடக் கூடாது என்று சொல்பவள் நடுவில் பிறந்தவள். அவள் வற்புறுத்தலால் சேர்ந்த ஒரு பகுதி இதில் உண்டு. அதை வாசிப்பவர்கள் கண்டுகொள்வார்கள். எங்களுக்குள் கருத்து வேறுபட்ட இடங்களை வேறுபாடாகவே விட்டிருக்கிறோம்.

அப்பா பொதுப்பணித்துறையில் பொறியாளர். 1960-ல் சேர்ந்து 1996-ல் செயற்பொறியாளராக ஓய்வு பெற்றார். அந்த முப்பத்தாறு ஆண்டுகளில் பெரும்பகுதி பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் கழிந்தது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தவர்களுக்கு இத்திட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஆனைமலைத் தொடரில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை இயல்பாக மேற்கே ஓடி அரபிக்கடலில் கலப்பது. மலைக்குக் கிழக்கே, மழை மறைவில், பல்லடமும் காங்கயமும் வானம் பார்த்துக் கிடப்பவை. நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், துணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என்று மலைக்குள் ஓடும் ஆறுகளை ஆங்காங்கே தடுத்து, சுரங்கங்களால் ஒன்றோடொன்று கோத்து, கிழக்கே திருப்பிவிட்டார்கள். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் தொடங்கிய வேலை அது. அணைகளில் சில கேரள எல்லைக்குள் இருப்பதால் இரு மாநிலங்களுக்கும் ஒப்பந்தம் உண்டு. கையெழுத்தானது 1970 மே 29. ஆனால் 1958 நவம்பர் 9 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தத் தேதி விசித்திரத்தில் அப்பாவுக்குத் தனி மகிழ்ச்சி. "புள்ளகுட்டி பெத்து, பன்னெண்டு வருசம் கழிச்சு முகூர்த்தம் குறிச்ச மாதிரி" என்பார்.

ஒப்பந்தப்படி கேரளத்துக்குச் சோலையாற்றில் 12.3 டி.எம்.சி.யும் மணக்கடவில் 7.25 டி.எம்.சி.யும் தர வேண்டும். எங்கள் வீட்டில் இது வேறொரு உபயோகத்துக்கு வந்தது. பலகாரம் எதுவானாலும் முதலில் எடுத்து மூடிவைக்கப்படும் கடைக்குட்டியின் பங்குக்குக் 'கேரளா பங்கு' என்று பெயர். அதில் கைவைத்தவர்கள் கூட்டுக் கட்டுப்பாட்டுக் குழுவின் முன் நிறுத்தப்படுவார்கள். குழுவில் அப்பா ஒருவர்தான் உறுப்பினர்.

மூத்தவன் பிறந்தது 1966 ஜூலையில், பொள்ளாச்சியில். அப்பா அப்போது சோலையாற்றில் இருந்தார். ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். மழையில் எங்கோ மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. அவர் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார். பாதி தூரம் நடந்தும், பாதி தூரம் திட்ட லாரியிலும் வந்ததாகச் சொன்னாராம். குழந்தையைத் தூக்கக் கை நீட்டியபோது, காலைப் பார்த்த அம்மிச்சி அலறிவிட்டாள். அட்டை கடித்துக் காலுறை இரண்டும் இரத்தத்தில் ஊறியிருந்தன. அவர் கவனித்திருக்கவேயில்லை. இந்தக் கதையை அம்மா சொல்லும்போதெல்லாம் அப்பா ஒரே ஒரு திருத்தம் சொல்வார்: "ரெண்டு காலும் இல்ல. எடது காலு மட்டுந்தான்."

சோலையாற்றுக் குடியிருப்பை நாங்கள் முழுமையாக அறிந்தது எழுபதுகளில். ஜூன் தொடங்கி மூன்று மாதங்களுக்குக் கூரையின் மேல் மழை பெய்யாத நேரத்தை எண்ணிச் சொல்லிவிடலாம். துணி உலராது. கரியடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் பள்ளிச் சட்டைகளைப் போர்த்திவைப்பாள் அம்மா. எங்கள் மூவரின் மேலும் எப்போதும் புகைவாடை அடிக்கும். வாசலில் ஒரு கிண்ணத்தில் உப்பும் சுண்ணாம்பும் அட்டைக்காகக் காத்திருக்கும். இரவில் யானை வந்தால் அப்பா விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, எங்களை ஒரே கட்டிலில் போட்டு, மெல்லிய குரலில் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். யானைக்கும் வாய்ப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பதினாறு எட்டு வரும்போது பெரும்பாலும் தூங்கியிருப்போம்.

பிறகு அவர் காண்டூர் கால்வாய்ப் பிரிவுக்கு மாற்றலானார். காண்டூர் என்பது ஏதோ ஓர் ஊரின் பெயர் என்று இன்றும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அது கிராமமல்ல, சம உயரக் கோடு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் என்பதை விளக்க அப்பா தேர்ந்தெடுத்த கருவி ஒரு பெரிய கருணைக்கிழங்கு. ஞாயிற்றுக்கிழமை காலை, அண்டாவில் கிழங்கை வைத்து அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றினார். இரண்டு விரற்கடை தண்ணீரை மொண்டெடுத்ததும், நீர்விளிம்பு கிழங்கைத் தொடும் இடத்தில் கத்தி முனையால் சுற்றிலும் கீறச் சொன்னார். மறுபடி இரண்டு விரற்கடை, மறுபடி கீறல். கிழங்கை வெளியே எடுத்தபோது அதன் முண்டுகளையும் பள்ளங்களையும் வளைந்து வளைந்து சுற்றிய கோடுகள் இருந்தன. "இதுல ஒரு கோட்டைப் புடிச்சுட்டுப் போனா ஏறவும் வேண்டாம், எறங்கவும் வேண்டாம். துளியூண்டு சாய்வு குடுத்தாப் போதும், தண்ணி தானா நடந்து போயிரும். அதான் கால்வாய்" என்றார். சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து திருமூர்த்தி அணை வரை மலையின் இடுப்பைச் சுற்றி ஏறத்தாழ 49 கிலோமீட்டர் செல்லும் கால்வாயை, இன்றுவரை எங்களால் அந்தக் கிழங்கு இல்லாமல் நினைக்க முடிவதில்லை.

அப்போது எட்டு வயதான எங்கள் நடுவள் கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மேட்டைச் சுத்தாம நேரா ஓட்டை போட்டுப் போனா சீக்கிரம் போலாமில்லீங்ப்பா?" என்று கேட்டாள். அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "சுரங்கம்! சுரங்கத்தைக் கண்டுபுடிச்சுட்டா புள்ள! இவதான் என் இன்ஜினீயர்" என்று அவளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். அம்மா கேட்டது வேறு: "ஏனுங்க, கெழங்கை இப்பிடிக் கீறி வெச்சா நான் எப்பிடிங்க சமைக்கறது?"

அம்மாவின் ஊர் பல்லடத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அப்புச்சியின் தோட்டத்துக் கிணறு ஆழமானதென்று பெயர் பெற்றது. அதாவது தண்ணீர் இல்லாதது. அவ்வூர் வாய்க்காலில் முதன்முதலாகத் தண்ணீர் வந்த அன்று அப்பா அங்கே இல்லை. ஆனாலும் அப்புச்சி கடைசிவரை அதை 'மாப்பள தண்ணி' என்றுதான் சொன்னார். பாசனப் பரப்பு விரிந்து, நிலங்களை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் விடும் நிலை வந்தபோது, முறை வராத ஆண்டுகளில் தாய்மாமன் அப்பாவைத்தான் வைவார். அப்பா மறுத்துப் பேசமாட்டார். இலையில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தன்னால் ஆனது இல்லை என்று சொல்வதற்கு எப்போதுமே அவர் கூச்சப்பட்டார்.

அப்பா நேர்மையானவர் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. இறந்த அரசு ஊழியர்கள் அனைவரும் இரங்கல் கட்டுரைகளில் நேர்மையாளர்களாகிவிடுகிறார்கள். ஆகவே ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லி நகர்கிறோம். ஒரு தீபாவளிக்கு ஒப்பந்தக்காரர் ஒருவர் கொடுத்தனுப்பிய இனிப்புப் பெட்டியை, அப்பா வீட்டில் இல்லாத நேரத்தில், நாங்கள் பிரித்துத் தின்றுவிட்டோம். திருப்பி அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பா கடைக்குப் போய் அதே அளவுப் பெட்டியின் விலையை விசாரித்து, பன்னிரண்டு ரூபாயை ஒப்பந்தக்காரர் பெயருக்கு மணியார்டர் செய்தார். கையெழுத்தாகித் திரும்பிவந்த சீட்டு அவருடைய கோப்பில் பத்திரமாக இருந்தது. மணியார்டர் கமிஷனைக் கணக்கில் சேர்த்தாரா என்று அம்மா ஆண்டுதோறும் கேட்டுச் சிரிப்பாள்.

அந்தக் கோப்பை விளங்கிக்கொள்ள எம்-புக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொதுப்பணித்துறையில் எந்த வேலையானாலும், தோண்டிய மண், கொட்டிய கான்கிரீட், கட்டிய கல் என்று அனைத்தையும் அளந்து எழுதும் ஏடு அது. தமிழில் அளவுப் புத்தகம். அதை வைத்துத்தான் பணம் பட்டுவாடா ஆகும். வழக்கு வந்தால் அதுவே சாட்சி. பக்கங்களுக்கு எண் இட்டிருக்கும். இத்தனை பக்கங்கள் உள்ளன என்று முன்னால் சான்று இருக்கும். தாளைக் கிழிக்கக் கூடாது. எழுதியதை அழிக்கக் கூடாது. தவறாக எழுதிவிட்டால், பழைய எழுத்து படிக்கும்படியாகவே ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். அப்பாவுக்கு இது அலுவலக விதியாக மட்டும் இருக்கவில்லை. எங்கள் வீட்டுப்பாட நோட்டில் ரப்பர் வைத்து அழித்த இடத்தைக் கண்டால் அவர் முகம் மாறிவிடும். "தப்பு பண்ணுனது தப்பில்ல கண்ணு. தெரியாமப் பண்றதுதான் தப்பு" என்பார். பள்ளியில் மற்றப் பிள்ளைகளின் நோட்டுகள் துப்புரவாக இருக்க, எங்களுடையவை அடித்தல் திருத்தலும் தகப்பனாரைப் பார்த்துப் போட்ட குட்டிக் கையெழுத்துமாக இருக்கும். ஆசிரியர்களிடம் அடிபட்டதுண்டு.

இந்த இடத்தில் நடுவள் சொல்லச் சொன்னது வருகிறது. 1987-ல் அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். பொறியியலுக்குப் போதுமான மதிப்பெண் இருந்தது. கட்டடப் பொறியியல் படிக்க வேண்டும் என்றாள். அப்பா வேண்டாம் என்றார். "காட்டுலயும் மேட்டுலயும் ஆம்பளைங்களோட நிக்கற வேலை. பொம்பளப் புள்ளைய எப்பிடி அனுப்பறது?" அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கருணைக்கிழங்கை நினைவூட்டிப் பார்த்தாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் வணிகவியல் படித்து, வங்கித் தேர்வெழுதி, நல்ல பதவியில் ஓய்வு பெற்றாள். அப்பா அவளிடம் எத்தனையோ விதங்களில் அன்பாக இருந்தார். அவள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது இரவெல்லாம் விழித்துத் தொட்டிலாட்டியவர் அவர்தான். ஆனால் அந்த ஒரு முடிவை மட்டும் அவர் அடித்து எழுதவேயில்லை. பின்னாளில் அந்தப் பேச்சு வந்தபோதெல்லாம் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார். ஆண்மக்களாகிய நாங்கள் இருவரும் அது அந்தக் காலம் என்று சமாதானம் சொன்னோம். அந்தக் காலத்திலும் படித்த பெண்கள் இருந்தார்கள் என்று அவள் சொன்னாள். அது உண்மை.

ஓய்வுக்குப் பின் மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைத்தார். தகரப் புனல், கீழே பாட்டில், அளவு குறித்த கண்ணாடிக் குழாய். தினமும் காலை எட்டரை மணிக்கு அளவு. வானிலைத் துறையின் மழைநாள் எட்டரைக்கு எட்டரைதான். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மாடியேற வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் என்று அவர்கள் அனைவருக்கும் தெரியும்.

2014 வாக்கில் அம்மாவுக்கு மறதி தொடங்கியது. முதலில் பால்காரருக்கு இரண்டு முறை பணம் கொடுத்தாள். பிறகு சமைத்ததை மறந்து மீண்டும் உலை வைத்தாள். டிமென்ஷியா என்று மருத்துவர் சொன்னபோது அவளுக்கு எழுபது, அப்பாவுக்கு எழுபத்தாறு. மூவரும் மூன்று நகரங்களில் இருந்தோம். எங்களோடு வந்துவிடச் சொன்னோம். இடம் மாறினால் அவள் குழம்பிப்போவாள் என்று மறுத்துவிட்டார். மலைக்காட்டில் மூன்று பிள்ளைகளை அவள் கையில் விட்டுவிட்டு அணைமேல் நின்றவர், அடுத்த ஐந்தாண்டுகள் அவளைவிட்டு அரைநாள் கூட அகலவில்லை. பகலில் ஓர் அம்மாள் உதவிக்கு வந்தார். குளிப்பாட்டுவதையும் தலைவாருவதையும் மட்டும் அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. பின்னல் போடத் தெரியாது. மின்விசிறியின் கொக்கியில் மூன்று சணல் கயிறுகளைக் கட்டித் தொங்கவிட்டுப் பழகினார். அந்தக் கயிறு நெடுநாள் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவன் அதை எடுத்து எறியப் போனபோது, உதவிக்கு வந்த அம்மாள்தான் தடுத்துக் காரணத்தைச் சொன்னார். அம்மாவுக்குக் கடைசிவரை பின்னல் கொஞ்சம் இடப்பக்கம் கோணியே இருந்தது.

2022 செப்டம்பர் 21 காலை பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடுவில் உள்ளது உடைந்து போய்விட்டதாகச் செய்தி வந்தது. அம்மா இறந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. எண்பதுகளில் இரண்டு ஆண்டுகள் அப்பா அந்த அணையின் பராமரிப்பில் இருந்தவர். அன்று கடைசியில் பிறந்தவன் வீட்டில் இருந்தான். தொலைக்காட்சியில் தண்ணீர் சீறுவதைப் பார்த்த அப்பா முதலில் கேட்டது, "கீழ யாருக்கும் ஒண்ணும் ஆகலயே?" சாலக்குடி ஆற்றங்கரைக்காரர்களை எச்சரித்திருப்பதாகச் சொன்னான். பிறகு பென்சில் கேட்டார். செய்தியில் விநாடிக்கு ஏறத்தாழ 20,000 கனஅடி போகிறது என்றார்கள். 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி.; அப்படியானால் நாளொன்றுக்கு ஒன்றே முக்கால். ஒரு டி.எம்.சி. என்பது இரண்டாயிரத்து எண்ணூறு கோடி லிட்டருக்கும் மேல். உடைப்பின் மட்டத்துக்கு நீர் இறங்கும்வரை யாராலும் ஒன்றும் செய்ய இயலாது. எதிர் எடையின் சங்கிலி அறுந்ததுதான் காரணம் என்று பிற்பாடு செய்தி வந்தபோது, "அதுக்கும் வயசாச்சில்ல" என்று மட்டும் சொன்னார். யாரையும் குறை சொல்லவில்லை. அன்று மதியம் சாப்பிடவில்லை. மாலையில் சேத்துமடை வரைக்குமாவது கூட்டிப்போகச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது என்றோம். "தெரியாதுன்னு எனக்கும் தெரியும்" என்றார். கூட்டிப்போகவில்லை. போயிருக்கலாம்.

அவருடைய காரியங்கள் முடிந்த பின் அலமாரியைத் திறந்தோம். மூன்று நீள நோட்டுகள் இருந்தன. கையால் பக்க எண் இட்டு, முதல் பக்கத்தில், 'இப்புத்தகத்தில் 192 பக்கங்கள் உள்ளன என்று சான்றளிக்கிறேன்' என எழுதி ஒப்பமிட்டிருந்தார். 2015 முதல் 2019 வரை அம்மாவின் ஒவ்வொரு நாளும் அதில் இருந்தது. எழுந்த நேரம், மாத்திரை, உண்ட இட்லி எத்தனை, மலம், தூக்கம், பேச்சு. அலுவலகத்தில் ஆயுள் முழுக்க ஆங்கிலத்தில் எழுதியவர் இதைத் தமிழில் எழுதியிருந்தார். உதவிக்கு வரும் அம்மாள் படிக்க வேண்டுமே. அம்மா இறந்த நாளின் பதிவு மூன்று வரி. அதை அடுத்து இடைவெளி விடாமல், அடுத்த வரியிலேயே, சோலையாறு, பரம்பிக்குளம், ஆழியாறு என்று அணைமட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. எம்-புக்கில் வெற்றிடம் விடக் கூடாது.

அடித்தல்கள் பல இருந்தன. ஓரிடத்தில், 'இரவு 8.00, மாத்திரை கொடுத்தேன்' என்பது அடிக்கப்பட்டு, 'கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன். காலையில் டப்பாவில் கண்டேன்' என்று திருத்தம், சுருக்கொப்பம், தேதி. இன்னொரு இடத்தில், 'காலை 6.10, எழுந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்' என்றிருந்ததில் நடு வாக்கியம் மட்டும் ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. மேலே, 'தெரியவில்லை. அவள் தம்பி என்று நினைத்துப் பேசியிருக்கிறாள். 7 மணிக்குப் பெயர் சொல்லி அழைத்ததால் அறிந்தேன்.' சுருக்கொப்பம், தேதி. அந்த ஒரு மணி நேரம் அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பதற்குப் பதிவு இல்லை. மூத்தவன் நோட்டை மூடிவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அன்று மேற்கொண்டு படிக்கவில்லை.

மறுநாள்தான் இரண்டாம் நோட்டில் ஒரு தாள் இல்லை என்பதைக் கண்டோம். 46-க்குப் பிறகு 49. உள் ஓரத்தில் கிழிந்த தாளின் துணுக்கு தையலில் ஒட்டியிருந்தது.

46-ஆம் பக்கம் 2017 ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமையோடு முடிகிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூவருக்கும் நன்றாக நினைவிருக்கிறது. மூன்று ஊர்களிலிருந்தும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் இணைந்து, அம்மாவைக் கோவையில் ஒரு காப்பகத்தில் சேர்த்துவிடலாம், செலவை மூவரும் பகிர்ந்துகொள்கிறோம் என்று சொன்ன நாள் அது. முன்பே எங்களுக்குள் பேசி முடிவு செய்திருந்தோம். யார் முதலில் பேசுவது என்பது உட்பட. அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "செரி, பாக்கலாம்" என்றார். 49-ஆம் பக்கம் வியாழக்கிழமை தொடங்குகிறது: 'நெற்றியில் தையல் 6. குளியலறையில் வழுக்கியது நேற்று. ஆட்டோ 80 ரூபாய்.' அம்மா விழுந்ததை அவர் எங்களிடம் சொல்லவில்லை. உதவிக்கு வந்த அம்மாள் சனிக்கிழமை சொல்லித்தான் தெரியும். கோபத்தோடு வந்து இறங்கினோம். "நீங்க வந்து என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியதைப்போல இருந்தது. காப்பகப் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

அந்தத் தாளில் எங்களைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறார், ஒரு நாள் நாங்கள் படிப்போம் என்று எண்ணிக் கிழித்துவிட்டார் என்பது மூத்தவனின் முடிவு. காப்பகத்தின் கட்டணத்தையும் தம் ஓய்வூதியத்தையும் வைத்து அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார், போட்டதற்காகப் பிறகு வெட்கப்பட்டிருப்பார் என்று கடைசியில் பிறந்தவன் நினைக்கிறான். நடுவள் இரண்டையும் ஒப்பவில்லை. அந்த மாதங்களில் அம்மா கைக்கு அகப்பட்டதையெல்லாம் கிழித்துக்கொண்டிருந்தாள்: நாட்காட்டித் தாள், மருந்துச் சீட்டு, ஒருமுறை நூறு ரூபாய் நோட்டு. அதுவும் அப்படி ஒன்றுதான், இதில் துப்பறிய ஒன்றுமில்லை என்கிறாள். உதவிக்கு வந்த அம்மாளைக் கேட்டோம். அவருக்கு நினைவில்லை. "அய்யா நோட்டை அம்மா கைக்கு எட்டற எடத்துல வெக்க மாட்டாருங்களே" என்று மட்டும் சொன்னார்.

அம்மாதான் கிழித்தாள் என்றே வைத்துக்கொண்டாலும், தாள் கிழிந்தது என்று ஒரு வரி எழுதி ஒப்பமிட்டிருக்க வேண்டும். மாத்திரை மறந்ததை எழுதியவர் அவர். 49-ஆம் பக்கத்தின் தலையில் அப்படி ஒன்றும் இல்லை. முதல் பக்கச் சான்றும் திருத்தப்படவில்லை. 192 என்றே இருக்கிறது. நாங்கள் மூவரும் தனித்தனியே எண்ணிப் பார்த்தோம். 190.